இருபதாவது ஆண்டின் கேள்வி

1987ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோய் மருத்துவர்களைச் சங்கடப்படுத்திய ஒரு கட்டுரை வெளியானது. லண்டனில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஜாக் கியூசிக்கும் அவருடைய குழுவினரும், 1975க்கு முன்பு தொடங்கப்பட்ட பழைய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டியிருந்தார்கள். எல்லாமே ஒரே அமைப்பு கொண்டவை. அறுவை சிகிச்சையில் மார்பகம் அகற்றப்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். முதல் பத்து ஆண்டுகளில் இரு பிரிவிலும் இறப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பத்து ஆண்டுகளைத் தாண்டி உயிரோடு இருந்தவர்களில், கதிர்வீச்சு பெற்றவர்களே அதிகமாக இறந்திருந்தார்கள்.

புற்றிலிருந்து தப்பியவர்களை எது கொன்றது? 1994இல் இறப்புக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: இதயம். கதிர்வீச்சு மார்பகப் புற்று மரணங்களைக் குறைத்திருந்தது. இதய நோய் மரணங்களைக் கூட்டியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டதால், மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்குச் சிகிச்சை நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை என்று தோன்றியது.

கதிர்வீச்சின் பக்க விளைவுகளைப் பேசும்போது நாம் பெரும்பாலும் 'எவை?' என்று கேட்கிறோம். அதைவிடப் பயனுள்ள கேள்வி 'எப்போது?' என்பது. நன்மை முதல் பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். தீமையில் ஒரு பகுதி சில வாரங்களில் வந்து போய்விடும். மீதியில் பெரும்பகுதி இரண்டாவது, மூன்றாவது பத்தாண்டில் வரும். இந்தக் கால இடைவெளி புரிந்தால், எதற்குப் பயப்படுவது, எதற்கு வேண்டாம் என்பதும் புரியும்.

வேகமான திசு, மெதுவான திசு

கதிரின் அளவுக்கு அலகு கிரே. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே. நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்த அளவு, மார்பகம் முழுவதற்கும் 50 கிரே. நாளுக்கு 2 கிரே வீதம் வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். தமிழ்நாட்டில் பலர் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். மேசையில் படுத்திருக்கும்போது ஷாக்கோ சூடோ எதுவும் தெரியாது. எக்ஸ் கதிர் உடம்பைக் கடந்து போகிறது, அவ்வளவே.

போகிற வழியில் அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அதில் பிறக்கும் வினைவெறி கொண்ட துகள்கள் டிஎன்ஏவின் இழைகளை அறுக்கின்றன. ஒற்றை இழை அறுந்தால் செல் எளிதில் தைத்துக்கொள்ளும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் தைப்பது கடினம். ஆரோக்கியமான செல்கள் ஒரு நாள் இடைவெளியில் பெரும்பாலும் பழுது பார்த்துவிடும். புற்றுச் செல்களில் பழுதுபார்க்கும் ஏற்பாடே பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கிறது. மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் பல நாளாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

டிஎன்ஏ அறுந்த செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை. அடுத்த முறை பிரிய முயலும்போதுதான் சாகிறது. அடிக்கடி பிரியும் செல்களைக் கொண்ட திசுவில் சேதம் சில வாரங்களில் வெளியே தெரியும், தோல் அப்படிப்பட்டது. இதயத்தின் நுண்குழாய்கள், நரம்புகளைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு, விலா எலும்பு ஆகியவை நிதானமானவை. அங்கே நடந்த சேதம் ஆண்டுக்கணக்கில் வெளிக்காட்டாமல் கிடக்கும். ரத்தக் குழாயின் உட்சுவர் மெல்ல அழற்சியடையும். இணைப்புத் திசுவின் செல்கள் தேவைக்கு மேல் கொலாஜனைச் சுரந்து தழும்பாக இறுகும். மருத்துவர்கள் இதை ஃபைப்ரோசிஸ் என்பார்கள்.

முதல் சில வாரங்கள்

முதல் வாரத்தில் பொதுவாக ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தோல் சூடாகவும் இறுக்கமாகவும் தோன்றும். பாடப்புத்தகங்கள் இந்தக் கட்டத்தைச் சிவப்பு என்று விவரிக்கின்றன. அவை எழுதப்பட்டது வெளிர் தோலை மனத்தில் வைத்து. மாநிறமோ கருமையோ உள்ள தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கருமை கூடுவதும், வறண்டு உரிவதும், அரிப்பும்தான் முதலில் தெரியும். ஆகவே நம் ஊர்ப் பெண்கள் சிவக்கட்டும் என்று காத்திருக்காமல், எரிச்சல் தொடங்கியதுமே சொல்ல வேண்டும். மார்பகத்துக்கு அடியிலும் அக்குளிலும் தோலும் தோலும் உரசும் இடத்தில், சிலருக்குத் தோல் உரிந்து நீர் கசியும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் நிலைமை மோசமாகிப் பிறகுதான் ஆறத் தொடங்கும். கடைசி நாளோடு எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இந்த நாட்களில் பயந்துபோவதுண்டு.

இன்னொன்று களைப்பு. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. சிகிச்சையின் இறுதி வாரங்களில் உச்சத்துக்கு வந்து, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறையும். சிலருக்கு மாதங்கள் ஆகும். ஓய்வெடுத்துக்கொண்டே இருந்தால் இது போகும் என்பது இயல்பான எண்ணம். ஆய்வுகள் காட்டுவது வேறு: தினமும் மிதமான நடைப்பயிற்சி செய்பவர்களுக்கே களைப்பு குறைகிறது.

வராதவற்றையும் சொல்ல வேண்டும். மார்பகத்துக்குக் கொடுக்கும் கதிரால் தலைமுடி உதிராது. உதிர்ந்தால் அது கீமோதெரபியின் வேலை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிரால் நோயாளியின் உடம்பில் கதிரியக்கம் தங்குவதில்லை. குழந்தையைத் தூக்கலாம், கர்ப்பிணியின் பக்கத்தில் உட்காரலாம், தட்டு டம்ளரைத் தனியே வைக்க வேண்டியதில்லை.

நுரையீரலும் கையும்

மார்பகத்துக்கு நேர் கீழே விலா எலும்பு, அதற்கு அடியில் நுரையீரல், இடப்பக்கமானால் இதயமும். நேராக மேலிருந்து கதிரைச் செலுத்தினால் எல்லாவற்றின் மேலும் பாயும். எனவே மார்புச் சுவரை ஓரமாக உரசிக்கொண்டு போகும்படி இரண்டு பக்கத்திலிருந்து கதிர்களைச் செலுத்துகிறார்கள். கொட்டையில் கத்தி படாமல் மாங்காயின் கன்னத்தைச் சீவுவது போல. ஆனால் மார்புச் சுவர் வளைந்தது, கதிர் நேர்கோட்டில் போவது. எவ்வளவு கவனமாகச் சீவினாலும் நுரையீரலின் ஓர் ஓரம் உள்ளே மாட்டும்.

அதன் விளைவு சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் தெரியலாம்: வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சு வாங்குதல். கதிர்வீச்சு நிமோனைடிஸ் என்பது இதன் பெயர். மார்பகத்துக்கு மட்டும் கதிர் பெற்றவர்களில் இது அரிது. கழுத்தெலும்புக்கு மேலுள்ள நிணக்கணுக்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டு மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும். கதிர்வீச்சு பெற்ற செய்தியை அந்த மருத்துவரிடம் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி இருமலாகவோ நிமோனியாவாகவோ நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கையின் கதை வேறு. அக்குள் நிணக்கணுக்களை அறுத்தெடுத்தாலும் கதிரால் சுட்டாலும் நிணநீர் வடியும் வழி குறைகிறது, கை வீங்குகிறது. எது அதிகக் கெடுதல் என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் நடந்த அமரோஸ் ஆய்வு 2014இல் விடை தந்தது. நிணநீர் முதலில் வந்து சேரும் காவல் கணுவில் புற்று இருந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு அக்குளில் அறுவை, இன்னொரு பிரிவினருக்கு அக்குளில் கதிர். ஐந்து ஆண்டு கழித்துக் கை வீக்கம் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 23 சதவீதம், கதிர்ப் பிரிவில் 11 சதவீதம். புற்று அக்குளில் திரும்புவது இரண்டிலும் மிகக் குறைவு. கதிர்தான் எப்போதும் அதிக ஆபத்து என்ற எண்ணத்தை இந்த ஆய்வு உடைத்தது. இரண்டையும் ஒரே அக்குளில் செய்வதுதான் வீக்கத்தை அதிகம் வரவழைக்கிறது.

கையின் நரம்புகளுக்கு நேர்ந்தது இந்தத் துறையின் இருண்ட பக்கங்களில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில், கதிர்வீச்சால் கை செயலிழந்த பெண்கள் ரேஜ் என்ற பெயரில் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். பல ஆண்டு முன்பு அவர்களுடைய புற்று குணமாகியிருந்தது. பிறகு விரல் மரத்தது, தீராத வலி வந்தது, சிலருக்குக் கை முற்றிலும் தொங்கிப்போனது. அவர்கள் விடாமல் கேட்டதன் விளைவாக, பிரிட்டனின் கதிரியல் மருத்துவர் கல்லூரி விசாரணைக்கு ஏற்பாடு செய்தது; 1995இல் அறிக்கை வந்தது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலில் கதிர் சேதம். முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது, மார்பகத்துக்குக் கொடுத்த பிறகு நோயாளியை அசைத்து வேறு நிலையில் படுக்கவைத்து அக்குளுக்குக் கொடுத்த முறை. இரண்டு கதிர்ப்பரப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் திசு இரட்டைப் பங்கு வாங்கியிருக்கும். ஒவ்வொரு நாளும் கொடுக்கும் பங்கு பெரிதாக இருந்தாலும் நரம்பு போன்ற மெதுவான திசுக்கள்தான் அதிகம் அடிபடும். இன்று ஒரே நிலையில் படுக்கவைத்து, சிடி ஸ்கேனில் திட்டமிட்டுக் கொடுப்பதால் இந்தச் சேதம் மிக அரிதாகிவிட்டது.

இடமா, வலமா

இதயத்துக்குத் திரும்புவோம். கதிர்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? குலுக்கல் இல்லாமல் கதிர்வீச்சு பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டால், வயது, உடல்நிலை என ஆயிரம் வேறுபாடுகள் குறுக்கே வரும். ஆனால் புற்று இடது மார்பகத்தில் வருகிறதா வலதில் வருகிறதா என்பதற்கும் அந்தப் பெண்ணின் இதய ஆரோக்கியத்துக்கும் தொடர்பில்லை. இயற்கையே குலுக்கல் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் சாரா டார்பி குழு 2005இல் இதைப் பயன்படுத்தியது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 1973 முதல் 1982 வரை நோய் கண்டறியப்பட்டுக் கதிர்வீச்சு பெற்றவர்களில், இடப்பக்கக்காரர்களின் இதய மரணம் முதல் பத்து ஆண்டில் வலப்பக்கக்காரர்களைவிட 20 சதவீதம் அதிகம். பதினைந்து ஆண்டைத் தாண்டியபின் 58 சதவீதம் அதிகம். கதிர்வீச்சு பெறாதவர்களில் இடம் வலம் என்ற வேறுபாடே இல்லை.

எவ்வளவு கதிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அதே குழு 2013இல் சொன்னது. 1958 முதல் 2001 வரை ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொருவருடைய இதயமும் வாங்கிய சராசரிக் கதிரளவைக் கணித்தார்கள். இதயத்தின் சராசரி அளவு ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகளின் வீதம் 7.4 சதவீதம் கூடியது. இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லும்படியான எல்லை எதுவும் தென்படவில்லை. முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே தொடங்கி மூன்றாவது பத்தாண்டு வரை அந்தக் கூடுதல் ஆபத்து நீடித்தது.

7.4 சதவீதம் என்று கேட்டதும் நெஞ்சு பதறும். அது எதன் மேல் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இதய நோய்க் காரணிகள் எதுவும் இல்லாத 50 வயதுப் பெண் எண்பது வயதுக்குள் இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு, அந்த ஆய்வின் கணக்குப்படி, 1.9 சதவீதம். அவருடைய இதயம் 3 கிரே வாங்கினால் அது 2.4 சதவீதமாகும். இருநூறு பெண்களில் ஒருவர் கூடுதலாக. 10 கிரே வாங்கினால் 3.4 சதவீதம். ஏற்கெனவே சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ புகைப்பழக்கமோ இருந்தால் தொடங்கும் எண்ணே பெரிதாக இருப்பதால், அதே கதிரளவு கூடுதல் ஆபத்தைச் சேர்க்கும். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் நாட்டில் இதன் பொருள் தெளிவு: இடப்பக்கம் கதிர் பெற்ற பெண்ணுக்குச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதி. கீமோதெரபியில் கொடுக்கும் ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் இதயத்தைத் தொடக்கூடியவை என்பதால், அவற்றைப் பெற்றவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

கதிரளவே ஆபத்தை நிர்ணயிக்கிறது என்று தெரிந்ததும், அதைக் குறைக்கும் வழிகள் பிறந்தன. அவற்றில் எளியது, மூச்சை நன்றாக உள்ளிழுத்துச் சுமார் இருபது நொடி பிடித்துக்கொள்வது. நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டுப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் நகர்கிறது. அந்த இடைவெளியில் கதிர் பாய்ந்து நிற்கும். பழைய முறைகளில் இதயம் 10 கிரேக்கு மேல் வாங்கியதுண்டு. இன்று மார்பகத்துக்கு மட்டும் கொடுக்கும் பெரும்பாலான திட்டங்களில், மூச்சுப் பிடிப்போடு, 2 கிரேக்கும் கீழே இறக்கிவிட முடிகிறது. சிகிச்சைக்குப் போகும் பெண் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: என் இதயத்தின் சராசரி அளவு எவ்வளவு வருகிறது?

கதிரால் வரும் புற்று

புற்றை அழிக்கும் கதிர் புற்றை உண்டாக்கவும் செய்யும். டிஎன்ஏவைத் தவறாகத் தைத்துக்கொண்டு பிழைத்த செல் பல ஆண்டு கழித்துப் புற்றாகலாம். நுரையீரல், உணவுக்குழாய், மற்ற மார்பகம் ஆகியவை இதில் வரும். 2017இல் கரோலின் டெய்லரும் சக ஆய்வாளர்களும் இக்கால அளவுகளைக் கொண்டு மதிப்பிட்டார்கள்: நெடுநாள் புகைப்பவருக்குக் கதிரால் வரும் நுரையீரல் புற்றின் ஆபத்து ஏறத்தாழ 4 சதவீதம்; புகைக்காதவருக்கு 0.3 சதவீதம். ஒரே இயந்திரம், ஒரே அளவு, பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. புகைப்பவர் சிகிச்சை தொடங்கும்போது புகையை விட்டால் இந்த எண் பெரிதும் இறங்கும்.

மற்ற மார்பகத்தைப் பொறுத்தவரை வயது முக்கியம். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிதறல் கதிர் ஒரு கிரேக்கு மேல் போனால் ஆபத்து சுமார் இரண்டரை மடங்காகிறது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க ஏற்றம் காணப்படவில்லை. டிபி53 என்ற மரபணுவில் பிறவிப் பிழை உள்ள குடும்பத்துப் பெண்களுக்குக் கதிர்வீச்சை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில், ஐந்து முதல் பத்து ஆண்டு கழித்து, கதிர் பட்ட தோலில் ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்று வரலாம். அடிபட்ட கன்றல் போல நீலமும் சிவப்புமாகத் தெரியும். அடிபடாமலே கன்றிய தோல் ஆறவில்லை என்றால் காட்டிவிட வேண்டும்.

யாருக்கு எவ்வளவு

இவ்வளவு ஆபத்துக்கும் பதிலாக என்ன கிடைக்கிறது? கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றிய 10,801 பெண்களை 17 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2011இல் வெளியான தொகுப்பு சொல்கிறது: பத்து ஆண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு கதிர் இல்லாமல் 35 சதவீதம், கதிரோடு 19.3 சதவீதம். பதினைந்து ஆண்டுக்குள் மார்பகப் புற்றால் இறக்கும் வாய்ப்பு 25.2 சதவீதத்திலிருந்து 21.4 ஆக இறங்குகிறது. புகைக்காத ஒரு பெண்ணுக்கு இன்றைய சிகிச்சையால் வரக்கூடிய இதய மரணத்தின் ஆபத்து சுமார் 0.3 சதவீதம். பெரும்பாலோருக்குத் தராசு தெளிவாக ஒரு பக்கம் சாய்கிறது.

எல்லோருக்கும் அல்ல. 65 வயதைத் தாண்டி, சிறிய கட்டி, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் வகை, நிணக்கணு சுத்தம் என்றிருந்த 1,326 பெண்களைப் பின்தொடர்ந்த பிரைம்-2 ஆய்வில், பத்து ஆண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர் இல்லாமல் 9.5 சதவீதம், கதிரோடு 0.9 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய 81 சதவீதம். ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவேன் என்று உறுதி சொல்லும் எழுபது வயதுப் பெண், மருத்துவருடன் பேசிக் கதிரைத் தவிர்க்க இடமுண்டு. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 'பூஸ்ட்' பற்றியும் இப்படிப் பேசலாம். ஓர் ஐரோப்பிய ஆய்வில் இருபது ஆண்டு கழித்து மார்பகத் திசுவில் கடுமையான இறுக்கம் பூஸ்ட் இல்லாதவர்களில் 1.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2 சதவீதம். இளம் பெண்களுக்கு அதன் பலன் பெரிது, முதியவர்களுக்குச் சிறிது.

காலமும் சுருங்கி வருகிறது. பிரிட்டனின் ஸ்டார்ட் ஆய்வுகள் ஐந்து வாரச் சிகிச்சையை மூன்று வாரமாக்கின: 15 நாளில் 40 கிரே. மார்பகம் சுருங்குவது போன்ற பிற்கால விளைவுகள் பத்து ஆண்டுப் பின்தொடர்தலில் குறைந்தனவே தவிரக் கூடவில்லை. அடுத்து வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஐந்தே நாளில் 26 கிரே கொடுத்தது. ஐந்தாண்டு முடிவு 2020இல் வந்தது. புற்று திரும்புவதில் மூன்று வார முறைக்கு அது குறைவில்லை. கொரோனா காலத்தில் பல மருத்துவமனைகள் அதற்கு மாறின. பேருந்துக்கும் தங்கும் அறைக்கும் கூலி இழப்புக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆய்வில் பெண்கள் சேர்ந்தது 2011 முதல் 2014 வரை. அவர்களுடைய இதயமும் நரம்பும் இருபது ஆண்டில் என்ன சொல்கின்றன என்பது 2030களில்தான் தெரியும்.

1987இல் அந்தப் பழைய ஆபத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், யாரோ பதினைந்து, இருபது ஆண்டாகப் பதிவேடுகளைப் பாதுகாத்ததுதான். நம் மருத்துவமனைகளில் இருபது ஆண்டு முந்தைய கோப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே சிகிச்சை முடியும் நாளில் ஒரு சுருக்கக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: எந்தப் பக்கம், எத்தனை கிரே, எத்தனை நாள், அக்குளுக்கும் கழுத்தெலும்புப் பகுதிக்கும் கொடுத்தார்களா, இதயத்தின் சராசரி அளவு என்ன, எந்தக் கீமோ மருந்துகள். கழுத்தெலும்புப் பகுதிக்குக் கொடுத்திருந்தால் தைராய்டு சுரப்பு குறையலாம். அதையும் அவ்வப்போது ரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் அட்டையைப் போல அந்தக் காகிதத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மகளிடமோ மகனிடமோ கொடுத்து வைக்கலாம். என்றோ ஒரு நாள் நெஞ்சுவலி என்று போகும்போது, இருபது ஆண்டுக்கு முந்தைய கதிர்வீச்சைப் பற்றி அங்குள்ள மருத்துவர் கேட்கமாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.